முப்பத்தேழாம் கட்டம்

எங்கள் கம்பெனி விளையாட்டில் ‘ஒரு ஆட்டம் விடவும்’ என்ற கட்டத்தில் காய் போய் நின்றால், ஆடியவர் ஒரு நாள் உலகத்தில் இருக்க மாட்டார் என்பது சிவகாசியில் எல்லாருக்கும் தெரியும், அதற்காக யாரும் பயந்ததும் கிடையாது. பயந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் எட்டு வருஷம் கழித்து, பயப்பட வேண்டிய நேரமெல்லாம் தாண்டிப் போன பிறகு.

என் பெயர் தவமணி. காலண்டர் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் புரூஃப் பார்த்தவள். அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டால் தமிழ்நாடே திட்டும் என்கிற வேலை அது, ஒரு நாள்கூட நான் தள்ளிப் போட்டதில்லை. என் தம்பி வேல்மயிலும் அவன் மனைவி ராஜகனியும் சேர்ந்து கனி கேம்ஸ் என்று பெயர் வைத்து, ஊருக்கு மேற்கே ஒரு தகர ஷெட்டைப் பிடித்து, இரண்டு பேக்கிங் மேஜையும் ஒரு லேமினேஷன் மிஷினும் போட்டு உட்கார்ந்தபோது, எங்கள் வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பட்டாசு இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, டைரி இருக்கிறது, இவனுக்கு மட்டும் அட்டையும் பகடையும் கேட்கிறதாக்கும் என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, வேலை முடிந்த சாயங்காலங்களில் அவர்களுக்கும் புரூஃப் பார்த்துக் கொடுத்தேன், பிறகு அச்சகத்தை விட்டுவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் போட்ட முதல் விளையாட்டு ‘பஸ்ஸைப் பிடி’. சிவகாசியில் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டும், நூறு கட்டம், நடுவில் டிக்கெட் பரிசோதகர் வருவார், டீக்கடையில் நிறுத்துவார்கள், இருபத்திரண்டாம் கட்டத்தில் டயர் பஞ்சர், ஒரு ஆட்டம் விடவும். அச்சு வெளியில் அடித்து வந்த முதல் லாட்டில் ஒரு பெட்டியைப் பிரித்து, பேக்கிங் பார்க்கும் முத்துப்பேச்சியையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் ஆடிப் பார்த்தோம். முத்துப்பேச்சியின் காய் இருபத்திரண்டில் போய் நின்றது. அவள் அதை வாசித்து, “போச்சுடா” என்று சொன்னாள், சொன்ன கையோடு ஸ்டூலில் இல்லை. மறுநாள் அதே நேரத்துக்கு, ஒரு நிமிஷம் முந்தியும் இல்லாமல் பிந்தியும் இல்லாமல், அதே ஸ்டூலில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். “இப்ப யாரு ஆட்டம்?” என்று கேட்டாள். வேல்மயில் பகடையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அந்த லாட் அப்படியே கடைகளுக்குப் போனது, போன இடத்திலெல்லாம் அதுவே நடந்தது, ஊர் அதைப் பார்த்துப் பதறவில்லை. ஒரு நாள்தானே என்றார்கள், கோயம்புத்தூருக்குப் போய்வந்தால்கூட ஒரு நாள் ஆகிறது என்றார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் லீவுக்கும் ஆப்சென்டுக்கும் நடுவில் ‘ஆ.வி.’ என்று ஒரு குறி வந்தது, காணவில்லை என்று புகார் கொடுக்க வருகிறவர்களிடம் ஏட்டையா முதலில் வீட்டில் பஸ்ஸைப் பிடி இருக்கிறதா என்று விசாரித்தார், பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்து காலையிலேயே ஆட உட்கார்ந்த ஒரு பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் ராத்தங்கி, மறுநாள் இட்லியும் சாப்பிட்டு, அவளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்று ஆசைப்பட்டு ஆடிய பெண்கள்தான் ஏமாந்தார்கள். போனவர்களுக்கு அந்த ஒரு நாள் கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை, திரும்பி வந்தால் அலுப்பு அப்படியே இருக்கும், அண்டாவில் இரண்டு நாள் பாத்திரம் கிடக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்களை ஊர் தானாகவே கற்றுக்கொண்டது. ஒன்று, காயைக் கையால் தூக்கி அந்தக் கட்டத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு பேராவது சேர்ந்து முறையாக ஆடி, பகடை கொண்டுபோய் விட வேண்டும். இன்னொன்று, போனவர் போன இடத்திலேயேதான் திரும்ப வருவார். திருத்தங்கலில் ஒரு வீட்டில் அது தெரியாமல் அரிசி டின்னை அங்கே நகர்த்தி வைத்துவிட்டார்கள், வந்த மனுஷிக்குக் கணுக்கால் முறிந்தது. அதற்குப் பிறகு யார் மறைந்தாலும் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுவார்கள், வீட்டுக்கு வந்தவர்களும் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது, கனி கேம்ஸ் நன்றாகவே நடந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன். வேல்மயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது விளையாட்டுக்கு அட்டை வரையும்போது எழுத்தையெல்லாம் எழுதிவிட்டு எண்களை மட்டும் காலியாக விட்டுவிடுவான். எத்தனை கட்டம் முன்னே போக வேண்டும், எத்தனை கட்டம் பின்னே வர வேண்டும் என்பதை மேஜையில் உட்கார்ந்து முடிவு பண்ணக் கூடாது, ஆடி ஆடித்தான் பண்ண வேண்டும் என்பான். பென்சிலில் ஒரு எண்ணைப் போட்டு முப்பது தடவை ஆடுவான், அழித்துவிட்டு இன்னொன்றைப் போட்டு முப்பது தடவை ஆடுவான். அதனால் என் கைக்கு வருகிற தாள்களில் எப்போதும் நாலைந்து ஓட்டைகள் இருக்கும், ஓட்டையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போனது.

பஸ்ஸைப் பிடி வரிசையில் இரண்டாவது விளையாட்டு ‘மழைக்கால பஸ்’. அதில் முப்பத்தேழாம் கட்டத்தில், பாலம் உடைந்தது, இத்தனை ஆட்டம் விடவும் என்று வர வேண்டும். இரண்டு என்று போடலாம் என்றான் வேல்மயில். ஒன்றுக்கு மேல் போடக்கூடாது என்றாள் ராஜகனி. “ஒரு நாள்னா ஊரு சிரிச்சுக்கிட்டுப் போயிரும். ரெண்டு நாள்னா வீட்டுல பொம்பளைக அழுவாக. வேண்டாங்க,” என்றாள். அவன், பாலம் உடைந்தால் ஒரு நாளில் கட்டிவிட முடியுமா என்று கேட்டான். இப்படியே ஒரு மாசம் இருவரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள், கட்டம் காலியாகவே கிடந்தது. அதற்குள் காலண்டர் சீசன் வந்துவிட்டது. அச்சகத்தில் இன்றைக்கு விட்டால் இனி ஜனவரிதான் என்றார்கள். அவசரத்தில் அந்த ஓட்டைத் தாளே அச்சுப் பிளேட் போடப் போனது, போவதற்கு முன்னால் கடைசியாக அதைப் பார்த்துச் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். காலி இடத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நம்ம கம்பெனித் தாள் என்றால் ஓட்டை இருக்கத்தானே செய்யும் என்று என் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, ஐந்நூறு பெட்டி தயாரானது. ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றைப் பிரித்து ஆடிப் பார்த்துவிட்டு, ஆடியதையும் வீணாக்காமல் திரும்பக் கட்டி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். ஆடிய அட்டையின் மூலையில் வேல்மயில் பச்சைப் பேனாவால் ‘வே.ம.’ என்று எழுதிவிடுவான். அன்றும் எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்தான். சாயங்காலம் நாலு இருபதுக்கு அவன் காய் முப்பத்தேழில் நின்றது. “ஏ கனி, பாலம் உடைஞ்சிருச்சு!” என்று சிரித்தான், அந்தச் சிரிப்போடு போய்விட்டான். நாங்கள் ஸ்டூலைத்தான் பார்த்தோம், அட்டையைப் பார்க்கவில்லை. ராஜகனி எழுந்து சாக்பீஸால் வட்டம் போட்டாள். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சி அட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து ஒட்டி, மற்றதோடு ஏற்றிவிட்டாள்.

மறுநாள் நாலு இருபதுக்கு அவன் வரவில்லை. ரெண்டு போட்டுட்டாக போல, சொல்லாம போட்டுட்டாக என்று ராஜகனி கோபப்பட்டாள். அதற்கு அடுத்த நாளும் ஸ்டூல் காலியாக இருந்தது. அப்போதுதான் நான் பீரோவைத் திறந்து, நான் கையெழுத்துப் போட்ட புரூஃப் தாளை எடுத்தேன். முப்பத்தேழாம் கட்டத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. என் கையெழுத்து மட்டும் கீழே அழகாக இருந்தது. எத்தனை நாள் என்று யாருமே சொல்லாத இடத்துக்கு என் தம்பி போய்விட்டான்.

அன்றிலிருந்து பெட்டிகளைத் தேடினோம். மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். அதற்குள் மற்ற ஊர்களிலும் இரண்டு பேர் அந்தக் கட்டத்தில் நின்றிருந்தார்கள். கோவில்பட்டி ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மனைவி புத்திசாலி, காலி இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒன்று என்று எழுதினாள், மனுஷன் மறுநாளே வந்துவிட்டார். தென்காசியில் ஒரு வீட்டில் பதற்றத்தில் மூன்று என்று எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டு ஒன்று எழுதினார்கள். மூன்றாம் நாள்தான் ஆள் வந்தது. முதலில் விழுகிற எண்தான் செல்லும், எப்போது எழுதினாலும் ஆள் போன நேரத்திலிருந்துதான் கணக்கு என்று இதிலிருந்து தெரிந்துபோனது. வேல்மயில் ஆடிய அட்டை கிடைத்தால் போதும், அதில் ஒன்று என்று எழுதிவிடலாம். வேறு யாரும் எதையும் எழுதிவிடுவதற்குள் கிடைக்க வேண்டும். ராஜகனி கையில் ஒரு பேனாவோடேதான் தூங்கினாள்.

எண்பதாவது நாள் அது அருப்புக்கோட்டையில் கிடைத்தது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர் வீடு. அந்த அம்மா பெட்டியைக் கொண்டுவந்து விரித்ததும் மூலையில் பச்சை எழுத்தைப் பார்த்தோம், ராஜகனி பேனா மூடியைத் திறந்தாள். முப்பத்தேழாம் கட்டம் காலியாக இல்லை. ஊதா நிறக் கிரையானில் 1 2 3 4 என்று நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது, நாலுக்குப் பிறகு கொக்கி போல ஒரு கோடு.

“எங்க பாப்பாதான்,” என்றது அந்த அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. “எல்.கே.ஜி. கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு மிஸ் சொல்லிக் குடுத்துருக்காங்க. அதுலருந்து எங்க காலி இடம் பாத்தாலும் நிரப்பிருவா.”

ராஜகனி அட்டையை என் பக்கம் திருப்பினாள். அவள் விரல் அந்தக் கொக்கியின்மேல் இருந்தது. “மதினி, நீங்க எழுத்துப் பாத்தே பொழைச்சவுக. இது எண்ணா, கீறலா?”

அது ஐந்து. சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போடுகிற ஐந்து. காலண்டர் அச்சகத்தில் எத்தனையோ கோணல் எழுத்துகளைப் படித்தவள் நான், எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. 1234 என்றால் மூன்று வருஷம் நாலரை மாசம். 12345 என்றால் முப்பத்து மூன்று வருஷத்துக்கும் மேலே. முப்பத்து நாலு வயசில் என் எதிரே நிற்கிறவள் அறுபத்தெட்டுக் கிழவியாகி, முப்பத்தொன்பது வயசு வேல்மயிலை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அந்தப் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடும் என்று பயந்து, அவசரமாகச் சொன்னேன்: “கீறல்தான் கனி. கிரையான் வழுக்கியிருக்கு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடி முந்தானையில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, “மூணு வருஷந்தானே,” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அதையும் ஊர் பழகிக்கொண்டது. நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி, தன் செலவில் ஒரே ஒரு காலண்டர் அடித்துக் கொடுத்தார். மாதம் கிடையாது, கிழமை கிடையாது, மிச்ச நாள் எத்தனை என்ற எண் மட்டும், தினம் ஒரு தாள் கிழிக்கிற மாதிரி. ராஜகனி காலையில் ஷெட்டைத் திறந்ததும் ஒரு தாளைக் கிழிப்பாள், முத்துப்பேச்சி வட்டத்தைப் புதிதாக வரைவாள், பிறகு வேலை நடக்கும். ஓட்டை அட்டைகளில் திரும்பி வந்த நானூற்றுச் சொச்சத்தையும் உள்ளறையில் பூட்டி வைத்தோம். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறவர்கள், தம்பி வர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று துபாயிலிருந்து வருகிறவனை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள். நானும் சொல்லுவேன். எண்ணூறு, அறுநூறு, நானூறு. தாள் குறையக் குறைய எல்லாருக்கும் முகம் மலர்ந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அன்றைக்குக் கிழித்த தாளை மடித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பாள், நான் வாயை மூடிக்கொள்வேன்.

இந்த வருஷம் மார்ச் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசித் தாள். தெருவே ஷெட்டுக்கு வந்துவிட்டது. பட்டுச்சேலை, மல்லிகைப் பூ, வேல்மயிலுக்குப் பிடித்த சேவும் சீரணியும். நாலு இருபது ஆனது. சாக்பீஸ் வட்டத்துக்குள் ஸ்டூல் இருந்தது. நாலு இருபத்தைந்து ஆனது. கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்று யாரோ கேட்டார்கள், இன்னொருவர் செல்போனைப் பார்த்துச் சரியாகத்தான் ஓடுகிறது என்றார். நாலரைக்கு ஒவ்வொருவராக, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல், வெளியே போனார்கள். முத்துப்பேச்சியையும் ராஜகனியே அனுப்பிவிட்டாள்.

“மதினி, அது கீறலா?”

“அஞ்சு,” என்றேன்.

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும் கனி.”

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவள் மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, மேஜைமேலேயே பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தை எழுதி, அதற்குக் கீழே ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலை எழுதிக் கழித்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்தது. “அன்னைக்கே சொல்லிருந்தா அன்னைக்கே நானும் பின்னாடியே கிளம்பிருப்பேன். மூணு வருஷம் எனக்கு வீணா வயசாகிப் போச்சு,” என்றாள்.

பிறகு உள்ளறைக்குப் போய் ஓட்டை அட்டை ஒன்றையும் அழியாத மையுள்ள பேனா ஒன்றையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நீங்க எழுதுங்க. எழுதிட்டு நீங்களே புரூஃப் பாருங்க.”

“கம்பெனி என்னாகும் கனி?”

“நீங்க நடத்துங்க.”

“அது வரைக்கும் நான் இருக்க மாட்டேன். எனக்கு அம்பத்தெட்டு ஆகுது.”

“தெரியும் மதினி,” என்றாள்.

பேனா மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன். ஒரு கோடு குறைந்தால் அவள் முப்பது வருஷத்தில் இருபத்தேழை இங்கே தனியாகக் கழிக்க வேண்டும், ஒரு கோடு கூடினால் முந்நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுவாள். “கோடுதானே, நேரா இழுங்க,” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். ஐந்து கோடு போட்டேன். எண்ணினேன், ஐந்து. திருப்பி வலமிருந்து எண்ணினேன், ஐந்து. அவள் எண்ணினாள், ஐந்து.

ஆடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகடைக்கு யாரைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியாது. முதல் ஆட்டத்தில் இருவரும் முப்பத்தேழைத் தாண்டிச் சென்னைக்குப் போய்விட்டோம். இரண்டாவதிலும் தாண்டினோம். மூன்றாவதில் நான் முப்பத்தைந்தில் நின்றேன், அவள் முப்பத்து மூன்றில் நின்றாள், ஆட்டம் என்னுடையது. இரண்டு விழுந்தால் நான் போய்விடுவேன், வந்து நிற்கும்போது எனக்கு இதே ஐம்பத்தெட்டாக இருக்கும், அவர்கள் இருவரையும் பார்க்கலாம், என்று ஒரு ஆசையும் வந்தது. இவளைத் தனியாக விட்டுவிட்டு நான் போவதா என்று பகடையைக் கீழே வைத்து, திரும்ப எடுத்தேன். உருட்டினேன். நாலு விழுந்தது. அவள் உருட்டினாள். அதற்கும் நாலு விழுந்தது. ஒவ்வொரு கட்டமாகக் காயைத் தட்டிக்கொண்டே போய், “முப்பத்தேழு,” என்றாள்.

மணி ஐந்து ஐம்பது. நான் இரண்டாவது வட்டத்தைப் போட்டேன்.

இதை வாசிக்கிறவர்களே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த இடம் யார் கைக்குப் போனாலும் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வட்டங்களுக்குள் எதையும் வைக்காதீர்கள், சுவர் எழுப்பாதீர்கள். நாள் கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், இந்தத் தடவை தப்பு இல்லை: இரண்டாயிரத்து ஐம்பத்தாறு ஆகஸ்ட் இருபது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு, அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம். தயவுசெய்து யாராவது வந்து பூட்டைத் திறந்து வையுங்கள். நாலு இருபதுக்கு என் தம்பி சிரித்துக்கொண்டே வருவான், பாலம் உடைந்துவிட்டது என்று சொன்ன வாய் மூடியிருக்காது, எதிரே யாரும் இல்லாததைப் பார்த்து வெளியே தேடி ஓடிவிடுவான். ஓட விடாதீர்கள். கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரம் பொறு, கனி வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அவனுடைய அக்கா எங்கே என்று கேட்பான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.